கை எட்டும் இடம், எட்டாத இடம்: பெண்கள் தம்மைத் தாமே பரிசோதித்துக்கொள்ளும் முறை

மார்பு, அக்குள், அடிவயிறு, பெண்குறியின் வெளிப்பகுதி ஆகியவை நம் கைக்கும் கண்ணுக்கும் எட்டும். கருப்பைக் கழுத்தும் கருப்பையின் உட்புறமும் சூலகமும் எட்டாது. இந்த வித்தியாசத்தை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். "நான் வீட்டிலேயே பார்த்துவிட்டேன், ஒன்றும் இல்லை" என்று சொல்லி 35 வயதில் இலங்கை அரசின் இலவசப் பெண்கள் பரிசோதனை நிலையமான சுவநாரி கிளினிக்குக்குப் போகாமல் இருந்துவிடுவதுதான் சுயபரிசோதனையில் நடக்கிற ஆகப் பெரிய பிழை. கீழே சொல்வதெல்லாம் கை எட்டும் இடத்துக்கு. எட்டாத இடத்துக்கு என்ன செய்வது என்பது கடைசியில் வருகிறது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். சீனாவின் ஷாங்காய் நகரில் 2 இலட்சத்து 66 ஆயிரம் ஆலைப் பெண்களை வைத்துச் செய்த ஆய்வின் முடிவு 2002இல் வந்தது. மாதாமாதம் மார்பைத் தடவிப் பார்க்கக் கற்றுக்கொண்டவர்களிடையே மார்புப் புற்றுநோய் மரணம் குறையவில்லை. தீங்கில்லாத கட்டிகளுக்காக ஊசி குத்தியும் கீறியும் பார்ப்பதுதான் கூடியது. அப்படியானால் ஏன் செய்யவேண்டும்? ஸ்கேன் எடுக்க இரண்டு பஸ் மாறிப் போகவேண்டிய தேயிலைத் தோட்ட மலைநாட்டில், தன் உடம்பின் வழக்கம் தெரிந்த பெண் மாற்றத்தைச் சீக்கிரம் காண்பாள், கட்டி பெருத்துப் புண்ணாகும் வரை வைத்துக்கொண்டிருக்க மாட்டாள். நோயைத் தேடிப் பயப்படுவதற்காக இதைச் செய்யவேண்டாம். உங்கள் உடம்பில் எது வழக்கம் என்று தெரிந்துவைத்திருங்கள், அது போதும்.

நாள் கணக்கு

சுவரில் தொங்கும் கலண்டர் போதும். இரத்தம் கண்ட முதல் நாளில் ஒரு வட்டம், நின்ற நாளில் ஒரு கோடு. வீட்டில் யார் பார்த்தாலும் பால் கணக்கு என்றுதான் நினைப்பார்கள்.

இதில் வழக்கமாக வரும் பிழை, தலைக்குத் தண்ணீர் வார்த்த நாளிலிருந்து எண்ணுவது. அப்படி எண்ணினால் மூன்று நான்கு நாள் பிசகும். இரத்தம் பட்ட நாளே முதலாம் நாள். ஒரு வட்டத்திலிருந்து அடுத்த வட்டம் வரை 24 முதல் 38 நாள் வரை இருப்பது வழக்கம். எட்டு நாளுக்குள் இரத்தம் நின்றுவிடவேண்டும். மணித்தியாலத்துக்கு ஒரு பேட் நனைந்து, அது இரண்டு மூன்று மணித்தியாலம் தொடர்ந்தால், அல்லது பத்து ரூபாய்க் காசைவிடப் பெரிய கட்டிகள் விழுந்தால், அது அதிகப் போக்கு. துணி பாவிப்பவர்கள், இரவில் எத்தனை தடவை எழுந்து மாற்றினோம் என்று எண்ணிக்கொள்ளுங்கள். இரண்டு மாதவிடாய்க்கு நடுவில் இரத்தம் கண்டாலும், கணவனோடு சேர்ந்தபின் கண்டாலும் கலண்டரில் ஒரு புள்ளி வையுங்கள். அந்தப் புள்ளியைத்தான் டொக்டர் முதலில் கேட்பார்.

மாதவிடாய் நின்று ஒரு முழு வருடம் கடந்த பிறகு ஒரு துளி இரத்தம் பட்டாலும், வலியில்லாவிட்டாலும், அந்தக் கிழமையே வைத்தியசாலைக்குப் போகவேண்டும். "வயசான காலத்தில் மறுபடி வந்திருக்கிறது" என்று விட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒருமுறை நின்றது மறுபடி வராது. வந்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும்.

அதிகப் போக்கு உள்ளவர்கள் கீழ் இமையை இழுத்து உட்புறத்தைப் பாருங்கள். சிவந்திருக்கவேண்டிய இடம் வெளிறியிருந்தால் இரத்தம் குறைவு. இரும்புச்சத்து மாத்திரையைப் பிளேன்டீயோடு விழுங்கினால் பாதிப் பலன்கூடக் கிடைக்காது. தேயிலைச் சாயம் இரும்பைப் பிடித்துக்கொள்ளும். தேசிக்காய்த் தண்ணீரோடு எடுங்கள். மாத்திரைக்கு முன்னும் பின்னும் ஒரு மணித்தியாலம் தேநீர் வேண்டாம். சோற்றுக்கும் அப்படித்தான், சாப்பிட்ட கையோடு தேநீர் குடிப்பதைத் தள்ளிப்போடுங்கள்.

மார்பு: முதலில் பார்வை

இலங்கையில் 20 வயது தாண்டிய எல்லாப் பெண்களையும் மாதம் ஒருமுறை பார்த்துக்கொள்ளச் சொல்கிறார்கள். மாதவிடாயின் முதல் நாளிலிருந்து எண்ணி 7ஆம் நாளுக்கும் 10ஆம் நாளுக்கும் இடையில் பாருங்கள். அப்போதுதான் மார்பு மெத்தென்றிருக்கும். மாதவிடாய் வரப்போகும் கிழமையில் பார்த்தால் எங்கு தொட்டாலும் கட்டி போலவே படும், வீண் பயம். மாதவிடாய் நின்றவர்களும், கருத்தடைக்காக மூன்று மாத ஊசி போட்டு மாதவிடாய் வராமல் இருப்பவர்களும் மாதத்தில் ஒரே திகதியைப் பிடித்துக்கொள்ளுங்கள். தோட்டத்தில் சம்பள நாள் யாருக்கும் மறக்காது. அந்த நாளே நல்லது.

நுவரெலியா, தலவாக்கலைப் பக்கத்துக் குளிரில் சட்டையைக் கழற்றிய உடன் தோல் புல்லரித்து, மயிர்க்கால்கள் எழுந்து நிற்கும். தோடம்பழத் தோல் போலத் தெரியும். புற்றுநோய்க்கும் தோடம்பழத் தோல் என்றுதான் அடையாளம் சொல்வார்கள் என்பதால் இதைப் பார்த்துப் பயந்துபோகிறவர்கள் உண்டு. அடுப்படியில் ஐந்து நிமிடம் இருந்து உடம்பு சூடேறியபின் மறுபடி பாருங்கள். குளிரால் வந்தது மறைந்துவிடும், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். நோயால் வந்தது மறையாது. பெரும்பாலும் ஒரு பக்கத்தில் மட்டும் தோல் தடித்து, துவாரங்கள் அகன்று தெரியும்.

கண்ணாடிக்கு முன்னால் நில்லுங்கள். தலைக்கு மேலே எரியும் பல்பைவிட யன்னலிலிருந்து பக்கவாட்டில் விழும் வெளிச்சமே நல்லது, சின்னக் குழிகூட நிழல் காட்டும். கையைத் தொங்கவிட்டு ஒரு பார்வை. இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி ஒரு பார்வை. இடுப்பில் கையை ஊன்றி நன்றாக அழுத்தி ஒரு பார்வை. நெஞ்சுத் தசை இறுகும்போது உள்ளே ஒட்டிக்கொண்ட கட்டி இருந்தால் தோலை இழுக்கும். பிறகு முன்னுக்குக் குனிந்து ஒரு பார்வை. ஒரு மார்பு மற்றதைவிடப் பெரிதாக இருப்பது இயல்பு. புதிதாக விழுந்த குழி, புதிதாக உள்ளே போன காம்பு, காம்பைச் சுற்றி ஆறாத சொறி, சிவப்பு ஆகியவற்றைக் காட்டவேண்டும். பால் கொடுக்கும் தாய்க்கு மார்பு சிவந்து வீங்கினால் பெரும்பாலும் பால் கட்டுவதுதான். மருந்தை முடித்த பிறகும் சிவப்பு வடியவில்லை என்றால் திரும்பப் போய்க் காட்டுங்கள்.

மார்பு: தொட்டுப் பார்ப்பது

குளிக்கும்போது சோப்பு நுரையோடு தடவிப் பார்க்கச் சொல்வார்கள். எல்லோரும் குளிக்கும் பீலிக்கரையில் குறுக்குக்கட்டோடு நாலு பேர் நடுவில் குளிப்பவருக்கு அது நடக்காது. அதைப் பற்றிக் கவலை வேண்டாம். படுத்துக்கொண்டு பார்ப்பதுதான் உண்மையில் சரியான முறை; மார்பு நெஞ்சில் பரந்து மெல்லிதாகும். அதற்கு வெளிச்சம் தேவையில்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பராவில் எல்லோரும் ஒன்றாகப் படுத்திருந்தாலும் கம்பளிக்குள்ளேயே செய்துவிடலாம்.

இடது மார்பைப் பார்க்க, இடது தோளுக்குக் கீழே மடித்த துவாயை வைத்து, இடது கையைத் தலைக்குக் கீழே கொடுங்கள். வலது கையின் நடு மூன்று விரல்களைச் சேர்த்துத் தட்டையாக வையுங்கள். கைநாட்டு வைக்கிற அந்தப் பகுதிதான் தொடவேண்டும், விரல் நுனி அல்ல. கொழுந்து கிள்ளிக் கிள்ளிப் பெருவிரலும் சுட்டுவிரலும் காய்த்து, கறை ஏறிய வெடிப்புகளோடு இருக்கும். அங்கே உணர்ச்சி மந்தம். ஆகவே நடுவிரலையும் மோதிர விரலையும் நம்புங்கள். இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவினால் விரல் வழுக்கிப் போகும், தோலுக்கு அடியில் இருப்பது தெளிவாகப் படும்.

காசு அளவு வட்டமாகச் சுழற்றுங்கள். ஒரே இடத்தில் மூன்று தரம்: மெல்ல அழுத்தினால் தோலுக்கு அடியில், நடுத்தரமாக அழுத்தினால் மார்பின் நடுவில், நன்றாக அழுத்தினால் விலா எலும்புக்கு மேலே. பிறகு விரலை எடுக்காமல் அடுத்த இடத்துக்கு நகர்த்துங்கள். மலையில் நிரை பிடித்துக் கொழுந்து எடுப்பது போலத்தான்: அக்குளின் நடுவிலிருந்து தொடங்கி, மேலிருந்து கீழே ஒரு நிரை, கீழிருந்து மேலே அடுத்த நிரை, நெஞ்செலும்பு வரை. மேலே காறையெலும்பு, கீழே மார்பு மடிப்புக்குச் சற்றுக் கீழ். ஒரு பக்கத்துக்குப் பத்துப் பன்னிரண்டு நிரை வரும். காம்புக்கு அடியிலும் அப்படியே. பெரும்பாலான கட்டிகள் மேலே, வெளிப்புறமாக, அக்குள் பக்கத்தில்தான் வரும். அங்கே மெதுவாகப் போங்கள். கடைசியில் கையைப் பாதி இறக்கி அக்குளுக்குள் விரலைக் கொடுத்துப் பாருங்கள். கையை முழுக்கத் தூக்கி வைத்தால் அந்த இடத்துத் தோல் இறுகி ஒன்றும் தெரியாது. மற்றப் பக்கத்துக்கு இடது கை.

இங்கே நடக்கும் பிழைகள்: மார்பை இரண்டு விரலால் கிள்ளிப் பிடித்தால் நல்ல சதையும் கட்டியாகவே படும். விலா எலும்பைக் கட்டி என்று நினைப்பதும் உண்டு. அது வரிசையாக, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். மார்பின் அடிமடிப்பில் பிறை போல ஒரு கடினமான வரம்பு படும், அதுவும் இயல்பு. காம்பைத் தினமும் பிதுக்கிப் பார்க்கவேண்டாம். பிதுக்கப் பிதுக்க நீர் வரும். தானாக, ஒரு பக்கக் காம்பில் மட்டும், இரத்தமாகவோ தெளிந்த நீராகவோ வந்தால்தான் பொருள் உண்டு.

மாபிள் போல விரலுக்கடியில் நழுவும் கட்டி இளம் பெண்களில் பெரும்பாலும் தீங்கில்லாதது. கல் போல, ஓரம் ஒழுங்கில்லாமல், நகராமல் இருப்பது சந்தேகத்துக்குரியது. ஆனால் எது எது என்று தீர்மானிப்பது உங்கள் வேலை இல்லை; தனியாக ஒரு கட்டி கைக்குப் பட்டால் அந்தக் கிழமையே காட்டுங்கள். "வலிக்கவில்லையே" என்று ஆறு மாதம் விடுவதுதான் ஆபத்து. மார்புப் புற்றுநோய்க் கட்டி தொடக்கத்தில் பெரும்பாலும் வலிக்காது.

கண்ணாடி வைத்துப் பார்ப்பது

பெண்குறியின் வெளிப்பகுதியை இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும். இது வெளிப்புறத்தை மட்டும் பார்ப்பது. உள்ளே விரல் விடுவதில்லை. கலியாணம் ஆகாத பிள்ளைகளும் தயங்காமல் செய்யலாம்.

நகம் வெட்டி, கை கழுவி, மாதவிடாய் இல்லாத நாளில், கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டு உட்காருங்கள். முதுகைச் சுவரில் சாய்த்து, முழங்காலை மடித்து அகட்டி, உள்ளங்கை அளவுக் கண்ணாடியை ஒரு பால்மா டின்னில் சாய்த்து முன்னால் வையுங்கள். போன் டோர்ச்சை அதே டின்னில், கண்ணாடிக்குப் பக்கத்தில், உடம்பை நோக்கி வைத்தால் இரண்டு கையும் விடுபடும். போனில் படம் மட்டும் எடுக்கவேண்டாம். பழுது பார்க்கக் கொடுத்த போனிலிருந்து படம் யார் கைக்குப் போகும் என்று சொல்லமுடியாது.

மேலிருந்து கீழே போங்கள். மயிர் வளரும் மேட்டில் புடைப்போ, நிறம் மாறிய மச்சமோ உண்டா? தொடை இடுக்கில் இரண்டு பக்கமும் நெரி கட்டியிருக்கிறதா? வெளி உதடுகளை விலக்கினால் உள் உதடுகள். அவை ஒன்று நீளமாகவும் மற்றது குட்டையாகவும், ஓரம் கறுத்தும் சுருங்கியும் இருப்பது முற்றிலும் இயல்பு. வெட்கப்படவோ வெளுக்க மருந்து தடவவோ ஒன்றும் இல்லை. மேலே உள் உதடுகள் சேரும் இடத்தில், மடிப்புத் தோலுக்கு அடியில் சின்ன மொட்டு. அந்தத் தோலை மெல்லப் பின்னுக்குத் தள்ளிப் பாருங்கள். அதற்குக் கீழே சிறுநீர் வரும் சிறு துவாரம், அதற்குக் கீழே யோனி வாசல், பிறகு மலவாசல் வரையுள்ள தோல். வாசலைச் சுற்றி இரண்டு பக்கமும் ஒரே அளவில் வரிசையாக இருக்கும் மிருதுவான சின்ன முளைகளும், உதட்டின் உட்புறத்தில் கடுகு போன்ற மஞ்சள் புள்ளிகளும் இயல்பானவை. பூக்கோவா போலக் கொத்தாகக் கிளம்பும் மரு இயல்பானதல்ல.

வாசலின் கீழ்ப்பக்கத்தில், மணிக்கூட்டில் 4, 8 நிற்கும் இடங்களைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் மெல்லப் பிடித்துப் பாருங்கள். அங்கே ஈரம் சுரக்கும் சுரப்பி அடைத்துக்கொண்டால் பட்டாணி அளவிலோ பாக்கு அளவிலோ வீக்கம் வரும். வலியோடு சிவந்தால் வெந்நீர் நிறைத்த பேசினில் 15 நிமிடம் உட்காருவது உதவும். காய்ச்சல் வந்தால் காத்திருக்கவேண்டாம். 40 வயதுக்குப் பின் அந்த இடத்தில் புதிதாக வீக்கம் வந்தால் வலிக்காவிட்டாலும் காட்டவேண்டும்.

பல மாதமாக அரித்து, தோல் வெளுத்து, கசங்கிய கடதாசி போல மெல்லிதாகிவிடும் ஒரு நோய் உண்டு. மாதவிடாய் நின்றவர்களுக்கு அதிகம். பூஞ்சைக் கிறீமை மாற்றி மாற்றித் தடவிக்கொண்டே வருடங்களைக் கடத்திவிடுவார்கள். அதற்கு வேறு மருந்து இருக்கிறது; கவனிக்காமல் விட்டால் உதடுகள் ஒட்டிப்போகும், சிலருக்குப் புற்றுநோயாகவும் மாறும். மூன்று கிழமையில் ஆறாத புண் எதுவானாலும் காட்டுங்கள். வலியில்லாத ஒற்றைப் புண்ணும், நீர்க்கொப்புளக் கூட்டமும் பாலியல் தொற்றாக இருக்கலாம். பாலியல் நோய் கிளினிக்கில் விஷயம் வெளியே போகாது, மருந்துக்குக் காசும் இல்லை. கணவனும் சேர்ந்து மருந்து எடுக்காவிட்டால் திரும்ப வரும்.

கடைசியாக, குந்தி உட்கார்ந்து கண்ணாடியைக் கீழே பிடித்து, பலமாக ஒருமுறை இருமுங்கள். வாசலில் உருண்டையாக ஏதாவது எட்டிப்பார்த்தால் கருப்பையோ சிறுநீர்ப்பையோ இறங்கத் தொடங்கியிருக்கிறது. பல பிரசவம் கண்டு, பதினெட்டு இருபது கிலோ கொழுந்தைச் சுமந்து சரிவு ஏறி இறங்கும் பெண்களில் இதை அதிகம் பார்க்கலாம். மாலையில் "கீழே ஏதோ இழுக்கிற மாதிரி" இருக்கும், படுத்தால் தெரியாது. அதனால் காலையில் அல்ல, வேலை முடிந்து வந்தபின் பாருங்கள். தொடக்கத்திலேயே போனால் உடற்பயிற்சியும் உள்ளே வைக்கும் வளையமும் போதுமாக இருக்கும்.

வெள்ளைபடுதல்

வெள்ளைபட்டால் எலும்பு உருகுகிறது என்பது உண்மையில்லை. மாதத்தின் நடுவில் முட்டை வெள்ளைக்கரு போல இழுபடும், மற்ற நாட்களில் கொஞ்சம் கெட்டியாக, வெள்ளையாக இருக்கும், இரண்டும் ஆரோக்கியமே. தயிர்க் கட்டி போல வந்து கடுமையாக அரித்தால் பூஞ்சை. அது திரும்பத் திரும்ப வந்தால் சீனி வருத்தம் இருக்கிறதா என்று இரத்தம் சோதிக்கவேண்டும். சாம்பல் நிறத்தில் தண்ணீராக, மீன் வாடையோடு வந்தால் கிருமிகளின் சமநிலை குலைந்திருக்கிறது. பச்சை கலந்த மஞ்சளாக நுரைத்து வந்தால் பாலியல் தொற்றாக இருக்கலாம். இரத்தம் கலந்து வந்தால் கருப்பைக் கழுத்தை உடனே பார்க்கவேண்டும். டெட்டோல் கலந்த தண்ணீரால் உள்ளே கழுவுவது காக்கும் கிருமிகளையும் கொன்றுவிடும். வெளியே வெறும் தண்ணீர் போதும்.

மழைக் காலத்தில் உடம்பில் சுற்றிய படங்குக்குள் நாள் முழுக்க ஈரத்தோடு நின்றால் தொடை இடுக்கு புழுங்கி அரிக்கும். வீட்டுக்கு வந்தவுடன் உள்ளாடையை மாற்றுங்கள். மாதவிடாய்த் துணியை ஒளித்து, இருட்டு மூலையில் காயப்போட்டால் பூஞ்சை பிடிக்கும். வெயில் காணாத கிழமைகளில் அடுப்படிக் கொடியில் நன்றாகக் காய்ந்தபின் சூடான அயனால் தேயுங்கள்.

அடிவயிறு

சிறுநீர் கழித்துவிட்டு மல்லாந்து படுத்து, முழங்காலை மடித்து, தொப்புளிலிருந்து கீழே உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள். கர்ப்பம் இல்லாதவருக்கு இடுப்பெலும்புக்கு மேலே உருண்டையாக எதுவும் படக்கூடாது. சூலகக் கோளாறு கைக்குப் படுவது அரிது. வயிறு உப்புதல், இரண்டு கவளத்தில் நிறைந்துபோதல், அடிவயிற்று நோவு, அடிக்கடி சிறுநீர் என்பவை மாதத்தில் பன்னிரண்டு நாளுக்கு மேல் இருந்தால் "வாயு" என்று விடாமல் போய்க் காட்டுங்கள்.

மாதவிடாய் தள்ளிப்போயிருக்கும்போது அடிவயிற்றில் ஒரு பக்கம் கடுமையாக வலித்து, தலை சுற்றி, தோள்பட்டையும் நோவெடுத்தால் எதையும் தடவிப் பார்த்துக்கொண்டிருக்கவேண்டாம். கருக்குழாயில் கர்ப்பம் தங்கி வெடித்திருக்கலாம். 1990க்கு அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

எட்டாத இடத்துக்கு

கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் வருவதற்குப் பல வருடங்களுக்கு முன்பே அங்கே மாற்றம் தெரியும். அந்தக் கட்டத்தில் முழுமையாகக் குணமாக்கலாம். ஆனால் அதை உங்கள் கண்ணாடி காட்டாது. 1996 முதல் நடக்கும் சுவநாரி கிளினிக்கில், தமிழில் சுகவனிதையர் கிளினிக் என்றும் எழுதியிருப்பார்கள், 35 வயதிலும் 45 வயதிலும் இலவசமாகப் பாப் பரிசோதனை, அதாவது கருப்பைக் கழுத்திலிருந்து செல்களை எடுத்துப் பார்ப்பது, செய்கிறார்கள். சில இடங்களில் அதற்குப் பதிலாக, அந்தப் புற்றுநோயை உண்டாக்கும் எச்.பி.வி. வைரஸைத் தேடும் பரிசோதனை. மார்பு, பிரஷர், சீனி எல்லாம் அங்கேயே பார்ப்பார்கள். உங்கள் பகுதியில் எந்த நாளில் நடக்கிறது என்று மிட்வைஃப் மிஸ்ஸியிடம் கேளுங்கள். அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், போகும் என்று ஒரு வருடம் தள்ளிப்போட்டால், அந்தத் தள்ளல் இன்னொரு வருடமாக நீளும்.

மாதவிடாய் நாளில் போகவேண்டாம். இரண்டு நாள் முன்பிருந்தே உறவு வேண்டாம், உள்ளே மருந்து வைக்கவோ கழுவவோ வேண்டாம்; செல்கள் கழுவுப்பட்டால் பரிசோதனை வீண். பிளவுசோடு பாவாடையோ கவுனோ உடுத்திப் போனால் எல்லாம் கழற்றவேண்டி வராது. மூச்சை ஆழமாக வெளியே விட்டுக்கொண்டு தொடையைத் தளர்த்தினால் கருவி வைக்கும்போது வலி குறையும். இரண்டு மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். தரம் 6இல் படிக்கும் மகளுக்கு 2017 முதல் பாடசாலையில் எச்.பி.வி. தடுப்பூசி போடுகிறார்கள், ஆறு மாத இடைவெளியில் இரண்டு. மறுக்காமல் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். ஊசி போட்ட பிள்ளைக்கும் 35இல் பரிசோதனை வேண்டும்.

ஏதாவது கண்டு வைத்தியசாலைக்குப் போகிறீர்கள் என்றால் ஒரு துண்டுக் கடதாசியில் வட்டம் போட்டு மணிக்கூட்டு எண்களை எழுதுங்கள். கட்டி எந்தப் பக்கம், எத்தனை மணிக்கு நேரே, காம்பிலிருந்து எத்தனை விரல் தூரம், எந்தத் திகதியில் முதலில் பட்டது என்று குறியுங்கள். டொக்டருக்குத் தமிழ் தெரியாவிட்டாலும் இந்தப் படம் புரியும். கலண்டர் தாளையும் கிழித்துக் கொண்டுபோங்கள். முடிவு எந்த நாளில் வரும் என்று கேட்டு, புதுத் தாளில் அந்த நாளுக்கு ஒரு வட்டம். அந்த நாள் கடந்தும் பேப்பர் வரவில்லை என்றால், தகவல் இல்லாததை நல்ல தகவல் என்று எடுத்துக்கொள்ளாமல், மிஸ்ஸியிடம் நேரில் போய்க் கேளுங்கள்.